பழிக்கு இரண்டு பல்

வரலாற்றின் பெரும்பகைகள் எல்லாம் மண்ணுக்காகவோ மானத்துக்காகவோ மூண்டவை. தலைமையாசிரியரின் பகை மூண்டது, சகலையின் பெயிண்ட் கடைக் கண்ணாடிக் கதவு அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்ததால்.

கடை திறந்த அன்று, நிமிர்ந்த தலையோடு உள்ளே நுழைந்தவர் கதவு ஒன்று இருப்பதையே கவனிக்கவில்லை. மேல் முன்பற்கள் இரண்டும் வாசலோடு நின்றுவிட்டன. மனைவியின் தங்கை கணவனான அந்தச் சகலை விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் கதவில் ஒரு தாளும் ஒட்டினான்: ‘இங்கே கதவு இருக்கிறது.’

பல் டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். கழற்றி மாட்டும் செட். பக்கத்துப் பற்களை ராவி, அவற்றின் மேல் நிறுத்தும் பிரிட்ஜ். எலும்பிலேயே திருகாணி இறக்கும் இம்ப்ளான்ட்.

“கடைசி வழிக்கு ஆறு மாசம் ஆகும் சார். எலும்பு திருகாணியைப் பிடிச்சுக்கணும்.”

“ஆகட்டும். ஆனா அசையக் கூடாது. அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு சிரிக்கணும்.”

“யார் மூஞ்சிக்கு?”

“நீங்க வேலையைப் பாருங்கம்மா.”

தற்காலிகப் பல்லையும் மறுத்துவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடியே ஆறு மாதம் பள்ளியை ஆண்டார். வீட்டில் சிரிப்புக்கு ஒத்திகை நடந்தது: உதட்டோரம் இளக்காரம், நடுவில் கொஞ்சம் மன்னிப்பு.

நிறம் பார்க்கும் நாளும் வந்தது. டாக்டரம்மா மாதிரிப் பற்களை வரிசையாக நீட்டினார்.

“என்னங்க, தங்கச்சி வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?” என்றாள் மனைவி. “வெள்ளையிலேயே நாப்பது வெள்ளை தெரியும் அவருக்கு.”

“அவன் காட்டுற வெள்ளை என் வாயில ஏறாது!”

வரிசையின் ஓரத்தில் கண்ணைக் கூசவைத்த பல்லின் மேல் விரலை வைத்தார்.

“சார், உங்களுது டீ குடிச்சுப் பழகின பல்லு. இது மட்டும் தனியாத் தெரியும்.”

“தெரியணும்.”

பல் பொருத்திய அன்றே கடைக்குப் போனார். கதவைத் தடவிப் பார்த்துத் திறந்தார். கல்லாவுக்கு எதிரே நின்று, ஆறு மாதச் சிரிப்பை அவிழ்த்துவிட்டார்.

சகலை, பெயிண்டுக்கு முன் சுவரில் அடிக்கும் வெள்ளை பிரைமர் டப்பாவைக் கலக்குவதை நிறுத்தினான். சிரிக்கவில்லை. தொழில்காரனின் அக்கறையோடு குனிந்து, அண்ணாந்து பார்த்தான்.

“பிரமாதம் சகலை. பிரைமர் அடிச்சாச்சு. பெயிண்ட் எப்போ?”

கடையில் இருந்த நான்கு பேரும் பல்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

திருகாணிகளைத் தொடாமல் மேலுறைகளை மட்டும் மாற்ற மூன்று வாரம் ஆனது. நிறத்தைச் சகலைதான் வந்து எடுத்துக் கொடுத்தான்.