மேல்பூச்சுக்கு முன்னால்

கப்பல் பட்டறையில் அவரைத் திமிங்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் தூரிகைக் காம்பு மாதிரி இருப்பார். பெயர் வைத்தவனுக்குக் கண் கோளாறு ஒன்றுமில்லை, குசும்புதான்.

கரையேற்றிய கப்பலின் துருவைச் சுரண்டி முதல் பூச்சு அடித்துக் காயவிட்ட பிறகு, தண்ணீரில் முங்கும் பாகத்தில் அவர் வெள்ளை எழுத்தில் ஒரு வரி எழுதுவார்: 'ஆண்டவனே, உலகெல்லாம் உன் நீதி வாழ்க.' அப்புறம் மேல்பூச்சுக்காரர்கள் குழாயால் பீய்ச்சி அதை மூடிவிடுவார்கள். அடியில் அந்த வரியைச் சுமந்துகொண்டு கப்பல் துறைமுகம் துறைமுகமாகப் போய்வரும்.

"மூடிப்போறதை யாரு படிப்பா?" என்று கேட்டால், "மீனுங்க" என்பார். ஒரு சுறா அதைப் படித்த நாளிலிருந்து பாசியை மட்டும் தின்று துரும்பாக இளைத்துவிட்டதாம். எட்டுக் கையாலும் திருடிக்கொண்டிருந்த ஆக்டோபஸ் ஒன்று மனம் திருந்தி எல்லாவற்றையும் உரியவர்களிடமே கொடுத்துவிட்டதாம். "எப்படி உரியவங்களைக் கண்டுபிடிச்சுது?" என்றால், "விசாரிச்சுதான்" என்பார், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல்.

அவருக்கு ஒரே மகன். அப்பா எழுதிய கப்பல் ஒன்றிலேயே இயந்திர அறை வேலைக்குப் போனான். புயலில் அந்தக் கப்பல் முழுகியது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் கப்பல் இது. பூச்சு காய்ந்துவிட்டது. திமிங்கலம் சாரத்தின் மேல் வெள்ளை டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, எழுதலையா? பீய்ச்சுறவங்க வந்துடுவாங்க" என்றார் மேஸ்திரி.

"கை வலிக்குது."

மேஸ்திரி அந்தக் கையைப் பார்த்தார், இறங்கிப் போனார். பட்டறைச் சமையற்கட்டில் வேலை செய்யும் திமிங்கலத்தின் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி ஏணி ஏறினாள்.

"எழுதுங்க."

"எதை எழுத? அந்த வரியோட போன கப்பல்தானே அவனை முழுங்குச்சு? நீதியாம் நீதி! அந்தப் பொய்யை இனிமே என் கையால எழுத மாட்டேன்."

"உங்களுக்கு முன்னாடியே நான் திட்டிட்டேன், ஆண்டவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு. இன்னும் ஆத்திரம் அடங்கல எனக்கு."

"அப்புறம் என்ன?"

"அவனுக்குன்னு ஒரு குழி இல்ல. பேரெழுதி வைக்க ஒரு கல்லு இல்ல. அந்தக் கப்பல்தான் அவன் மேல கவுந்து கிடக்கு. நம்ம எழுத்துன்னு அவன் பக்கத்துல இருக்கிறது அந்த ஒரு வரிதாங்க. அதைப் பொய்னு நீங்களே சொல்லிட்டா, எம்புள்ள பொய்க்கு அடியில படுத்துக் கிடக்கான்னு ஆயிடாதா?"

அவர் தலை நிமிரவில்லை. "அப்ப நீ நம்புறியா, நீதின்னு?"

"தெரியல. எழுதுங்க. நான் டப்பாவைப் பிடிச்சுக்கிறேன்."

மூடியைத் திறக்க அவருக்கு நேரம் பிடித்தது. 'ஆண்டவனே' என்பது எப்போதும்போல வந்தது. 'உலகெல்லாம்' கொஞ்சம் கோணியது. 'உன்' எழுதிவிட்டு இரும்பில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றார். அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர், பிள்ளைக்கு முதன்முதலாக எழுதக் காட்டுவதுபோல, 'நீதி'யை மெதுவாக எழுதினார். 'வாழ்க'வையும் எழுதினார். எழுதி முடித்தும் இருவரும் அங்கேயே நின்றார்கள். வெயில் சாரத்தின் அந்த முனைக்குப் போய்விட்டது.

மேல்பூச்சுக்காரர்கள் குழாயோடு வந்தார்கள். "பெரியவரே, தள்ளுங்க! இல்லாட்டி உங்களையும் சேர்த்துப் பூசிடுவோம்!"

"கொஞ்சம் பொறுங்கப்பா. இன்னும் காயல."

மேஸ்திரி ஏறி வந்து 'நீதி'யை விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்து கல்லாகியிருந்தது.

"காயலப்பா" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். "போய் டீ குடிச்சிட்டு வாங்க."