வாயைக் கழுவு

அக்காவின் அழைப்பு வந்தபோது அவள் எச்சில் உறிஞ்சும் இயந்திரத்தின் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையில் யாரும் விரும்பாத வேலை அது. காலையிலிருந்து வந்துபோன வாய்களின் எச்சில், ரத்தம், சீழ், பல் துணுக்கு எல்லாம் சேர்ந்து அடியில் பழுப்பாகத் திரண்டிருக்கும். கவிழ்த்தால் எல்லாம் விழுந்த பிறகும் ஒரு இழை மட்டும் அறுந்து தொலையாமல் தொங்கும். புதிதாகச் சேரும் பெண்கள் இதைப் பார்த்துவிட்டு மறுநாளே வராமல் நின்றிருக்கிறார்கள். அவள் கழுவிய கையோடு போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். டாக்டரம்மா அவளுக்குக் கல்வயிறு என்றே பெயர் வைத்திருந்தார்.

"உங்க அத்தானுக்குக் கைகால் ஒரு பக்கம் விழுந்துருச்சு," என்றாள் அக்கா. இத்தனை வருஷம் கழித்துப் பேசுகிறவள், எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "நீ ஒரு தடவ வந்துட்டுப் போ."

சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் அவள் போனை வைத்தாள். கையிலிருந்த புட்டியின் நாற்றம் அப்போதுதான் முதல்முறையாக மூக்கில் ஏறியது. அன்று அவள் டப்பாவைத் திறக்கவில்லை.

அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டது, காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் கண்விழித்தது எல்லாம் அக்காதான். படிப்பு முடிந்து வேலை தேடும் நாளில், கல்யாணமாகிப் போயிருந்த அக்காவின் வீட்டிலேயே வந்து தங்கினாள். அத்தான் கலகலப்பான மனிதர். ஊரில் யாருக்குப் பிரச்சினை என்றாலும் முதல் ஆளாய் நிற்பார், பிரார்த்தனைக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கண்மூடி உருகுவார். சவரம் செய்ததும் ஒரு லோஷனை அள்ளிப் பூசிக்கொள்வார். அறைக்கு அவர் வருமுன் அந்த வாசம் வந்துவிடும். கொஞ்ச நாளில் அது அவள் நிற்கிற இடத்துக்கெல்லாம் வரத் தொடங்கியது. தண்ணீர் எடுக்கிற சாக்கில், புத்தகம் தேடுகிற சாக்கில். வழி விலகி நின்றால், "என்ன, நான் என்ன புலியா சிங்கமா?" என்று எல்லார் முன்னாலும் சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

அக்கா கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த ஒரு பகலில், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் வாசம் வந்து நின்றது. பிறகு கைகள். ஈரத்தில் வழுக்கிய வாணலியை எப்படித் திருப்பி வீசினாள் என்பது அவளுக்கே தெரியாது. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விலகியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவளைப் பின்னால் பல வருஷம் விடாமல் துரத்தியது அந்தக் கைகள்கூட இல்லை, அந்தச் சிரிப்பு.

அக்கா திரும்பி வந்ததும் அவள் நடந்ததைச் சொன்னாள். குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு அக்கா கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "போய் வாயைக் கழுவிட்டு வா," என்றாள். அவ்வளவுதான். பெரியப்பா வரவழைக்கப்பட்டார். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று அத்தான் நெற்றியைக் காட்டினார். சின்னப் பெண், ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டாள், வீட்டு அழுக்கை வீதியில் துவைக்கக் கூடாது என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். கடைசியில் எல்லாரையும் கண்மூடச் சொல்லி ஒரு பிரார்த்தனையும் செய்தார். இந்த வீட்டில் சமாதானம் நிலைக்கட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அதன்பின் அவள் கடவுளையும் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. தனியறையில் பேச வேறு ஆள் இல்லாததால் அவரோடுதான் பேசினாள். மரியாதை எதுவும் வைத்துக்கொள்ளாமல், அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல. பெரியப்பா கூப்பிடுகிற கடவுளும் தன்னுடைய கடவுளும் ஒரே ஆளாக இருக்கக் கூடாதே என்பது மட்டும் அவளுக்கு ஒரு கவலையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினாள். தலைமுடி பாதி வெளுத்துவிட்டது, பல் பிடுங்கும்போது திமிறுகிற ஆண்களைத் தோளைப் பிடித்து அமுக்குகிறவள், இருந்தும் உள்ளங்கை வியர்த்துக் கம்பியில் நழுவியது. ஒரு பக்கம் விழுந்துபோன மனிதனிடம் என்ன பயம் என்று தன்னையே கேட்டாள். அறிவுக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை. அக்காவின் தெருமுனையில் இறங்கி, மூடிக்கிடந்த ஒரு கடையின் நிழலில் நின்றாள். "இங்க பாரு," என்று மனதுக்குள் சொன்னாள். "நான் அந்த ஆளை மன்னிக்க வரல. அதை என்கிட்ட கேக்காத. எனக்கு எங்க அக்கா வேணும். நடுவுல அந்த ஆளு படுத்திருக்கான். எனக்குப் பயமா இருக்கு. நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்." சிறிது நேரம் கழித்து, யாரோ முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டதைப் போலவும் இனி நின்றால் பின்தங்கிவிடுவோம் என்பதைப் போலவும் தோன்றவே, நடந்தாள்.

கதவைத் திறந்தது பெரியப்பா. கிழவராகியிருந்தார், ஆனால் அதே வெள்ளைச் சட்டை, அதே நனைந்த குரல். வா பாப்பா, நல்ல பிள்ளை, கடவுள்தான் உன்னைக் கூட்டிவந்தார் என்று அவள் தலையில் கைவைக்கப் போனார். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவருக்குப் பின்னால் அக்கா நின்றாள். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, யாரோ கழற்றி மாட்டிய சட்டைபோல. இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் ஓரடி எடுத்துவைக்கவில்லை.

பெரியப்பாவுக்கு எல்லாம் சட்டுப்புட்டென்று முடிய வேண்டும். உள்ளே வந்து அத்தானிடம் ஒரு வார்த்தை பேசு, உயிர் அதற்காகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று படுக்கையறைக்கு நடந்தார். அறை வாசலிலேயே அவளுடைய கால் நின்றது. மூத்திரம், வியர்வை, மருந்து. இதெல்லாம் அவளுக்குப் பழகியவை. அவற்றின் மேல் அந்த லோஷன். விருந்தாளி வருவதற்காக யாரோ அவருக்குச் சவரம் செய்து பூசிவிட்டிருக்கிறார்கள். பின்னே யார், பெரியப்பாதான். அழுகின பழத்துக்கு மெழுகு பூசிய மாதிரி அந்த முகம் பளபளத்தது. வாயின் ஒரு முனை தொங்கி, அதிலிருந்து எச்சில் தலையணைவரை இறங்கியிருந்தது. செத்துப்போன கன்னத்துக்குள் காலையில் ஊட்டிய சோறு அப்படியே அடைந்து கிடந்தது. நாக்கில் வெள்ளையாகப் படை. கண்கள் மட்டும் உயிரோடிருந்தன. அவை அவளைக் கண்டுகொண்டன. வாயின் நல்ல முனை மெல்ல மேலே ஏறியது. அழுகையா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. அவளுக்கு அது சிரிப்பாகத்தான் பட்டது.

பெரியப்பா ஒரு கிண்ணத்தில் தண்ணீரையும் துணியையும் எடுத்து நீட்டினார். "ஊரார் வாயெல்லாம் கழுவுற கை தானே பாப்பா. அத்தான் வாயை ஒருதடவ கழுவிவிடு. பழசெல்லாம் அதோட போயிரும். கடவுள் சந்தோஷப்படுவாரு."

இதற்காகத்தானா கூப்பிட்டார்கள் என்று அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டைவரை குமட்டிக்கொண்டு வந்தது, அந்த வாயைக் கண்டல்ல, இந்தக் கிண்ணத்தைக் கண்டு. தேடிப்பார்த்தாள், பயத்தைக் காணவில்லை. எங்கே போனதென்று தெரியவில்லை. தெருமுனையில் அவள் முன்னால் போகச் சொன்னவர் பயத்தை அப்புறப்படுத்திவிட்டு அருவருப்பை மட்டும் அவளுக்கென்று விட்டுவைத்திருந்தார்.

"முடியாது பெரியப்பா," என்றாள். குரல் உயரவில்லை. "கடவுள் என் கூடத்தான் வந்திருக்காரு. அவரு என்கிட்ட ஒண்ணும் அப்படிச் சொல்லல."

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

அதே சமையலறை. குழாயை மாற்றியிருந்தார்கள், மற்றபடி அதேதான். அக்கா மேடையில் சாய்ந்து நின்றாள். அங்கே கிடந்த கரித்துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "அன்னைக்கே தெரியும். அலமாரிக் கதவு இடிச்சா காயம் வட்டமா இருக்காது."

அவள் அந்தப் புதுக் குழாயையே பார்த்தாள்.

"கைல பிள்ள. எங்க போவேன்னு தெரியல. உன்னைப் பொய்க்காரி ஆக்கிட்டா நான் பொழச்சுக்கலாம்னு தோணுச்சு. ஆக்கிட்டேன்."

பிறகு அக்கா கொட்டத் தொடங்கினாள். மகள் ஒன்றாம் வகுப்பு முடித்ததும் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்ததை, கல்நெஞ்சுக்காரி என்று அக்கம்பக்கமும் பெரியப்பாவும் தூற்றியதை, குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழுததை, விடுமுறைக்கு வந்தால் அறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு அவளோடு படுத்ததை. மகளுக்கு இன்றுவரை காரணம் தெரியாது. அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்காது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்பாதான் உயிர் அவளுக்கு. இப்போது கல்லூரியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறாளாம், இன்றைக்கே.

"அந்தப் பிள்ள அவரு வாயைத் தொடைக்கறத நான் பாத்துட்டு நிக்கணுமா? சொல்லிறணும். எனக்கு நாக்கு எழ மாட்டேங்குது. நீ பக்கத்துல நின்னா சொல்லிருவேன்னு தோணுச்சு. வேற யாரை நான் கூப்பிட?"

ஆக, இவளுக்குத் தெரிந்திருந்தது. தன் மகளைக் காப்பாற்றும் அளவுக்குத் தெரிந்திருந்தது. காப்பாற்றத் தெரிந்தவள் தங்கையை மட்டும் பையோடு தெருவில் இறங்கவிட்டாள். கிண்ணத்தைக் கண்டு வந்ததைவிடப் பெரிய குமட்டல் ஒன்று அடிவயிற்றிலிருந்து புரண்டு வந்தது. அவள் தொட்டியை எட்டிப்பிடித்து வாந்தியெடுத்தாள். வெறும் வயிறு, மஞ்சளாகப் பித்தம்தான் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. அப்போது ஒரு கை வந்து அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது. சின்ன வயதில் பிடித்த அதே கை, இப்போது எலும்பாக. எடு கையை என்று சொல்லத்தான் நினைத்தாள். நெற்றி அந்தக் கையின்மேல் தன் கனத்தை இறக்கிவைத்துவிட்டது. அவளுக்கு அதுவும் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தலையை எடுக்கவில்லை.

"உன்னை மன்னிக்க முடியுமான்னு எனக்குத் தெரியலக்கா," என்றாள், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

"வேணாம்," என்றாள் அக்கா. "நில்லு. அது போதும்."

கதவு தட்டப்பட்டது. அவருக்கு எச்சில் வழிகிறது, புரையேறுகிறமாதிரி இருக்கிறது, யாராவது வந்து பாருங்கள் என்று பெரியப்பா பதறினார். அக்கா கதவைத் திறந்தாள். கிண்ணம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, விரல் நுனியால், உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். அக்கா துணியை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"ஒருக்களிச்சுப் படுக்கவச்சு, விரல்ல துணியைச் சுத்தி அந்தக் கன்னத்துக்குள்ள அடைஞ்சத வழிச்சு எடுங்க பெரியப்பா. ஈரத்துணி போதும், தண்ணி விட்டுறாதீங்க."

"நானா?"

"கடவுள் சந்தோஷப்படுவாரு," என்றாள் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். பெரியப்பா கிண்ணத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் உள்ளே போனார். அவர் ஓங்கரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. கொஞ்சம் பொறுத்து, படுத்திருந்தவரின் இருமல் அடங்குவதும் கேட்டது. அக்கா அதுவரை நின்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.

மகள் வந்திறங்கும் பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் போய் நின்றபோது வெயில் ஏறியிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. முதலில் எதைச் சொல்வது என்று அக்கா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்றாள் அவள். "வீட்டுக்குப் போற வழியில வேணாம். எங்கயாவது உக்காந்து சொல்லு. அவ எந்திரிச்சுப் போகணும்னா போக வழி இருக்கட்டும்." அக்கா தலையாட்டினாள். அவள் மனதுக்குள் ஏதோ கேட்கப் பார்த்தாள், வார்த்தை சேரவில்லை. இரு என்று மட்டும் சொன்னாள், யாரிடம் என்று தனியாகச் சொல்லாமல்.

பஸ் புழுதியோடு வந்து நின்றது. இறங்கியவர்களில் கடைசியாக, முதுகில் ஒரு பெரிய பையும் கையில் தலையணையுமாக, ஒரு பெண் இறங்கினாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒருநாளும் நிறுத்தத்துக்கு வந்து நின்றதில்லைபோலும், முகம் சட்டென்று சுருங்கியது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்திருப்பாள். பிறகு பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தாள். இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கமாகத் தலைசாய்த்து, இரண்டு பெண்கள் ஒரே மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பிப் போனது. அந்தப் பெண் தலையணையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கும் மறுபடி இந்த முகத்துக்குமாகப் பார்த்தபடி, அங்கேயே நின்றாள்.