தெலோர்ம் பெயரைச் சொல்லாத சாட்சி

சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது உறுப்பினர்கள் தேர்தல் நன்கொடை வாங்கக் கூடாது என்பது லூசியானாவில் சட்டம். நல்ல சட்டம்தான். அதனால் தலைநகர் பேட்டன் ரூஜில் எல்லாரும் ஒழுங்காக முந்தின நாளே வாங்கிவிடுவார்கள். தெலோர்ம் வக்கீல் நிறுவனம் ஒவ்வொரு வருடமும் அன்று மாலை ஆற்றங்கரைக் கொட்டகையில் அண்டா அண்டாவாகச் சேற்று இறால் வேகவைத்து விருந்து வைக்கும். வக்கீல்களும் அவர்களுடைய மனைவிமாரும் கையைத் துடைத்துக்கொண்டு செக் எழுதுவார்கள். மறுநாள் மதியம் சபை கூடியதும் எல்லாரும் உத்தமர்கள்.

இந்த உத்தமர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பதுதான் ஓடீல் ரோபிஷோவின் வேலை. ஒரு சலவைக்கடை மாடியில் அவளுடைய கண்காணிப்பு அமைப்பின் அலுவலகம். மொத்தம் இரண்டே பேர். ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர் லூஷியஸ் பத்தீஸ்ட், மூட்டுவலியோடு விருந்து வாசலில் காரைப் போட்டு உட்கார்ந்து யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார். எந்த வக்கீல் எந்த உறுப்பினருக்குக் கொடுத்தார், அதற்குப் பிறகு எந்த மசோதா செத்தது என்று ஓடீல் பொருத்திப் பார்ப்பாள்.

போன வருடம் அது கச்சிதமாகப் பொருந்தியது. விருந்தில் தெலோர்ம் கூட்டம் அள்ளிக் கொடுத்தது செனட்டர் துஃப்ரேனுக்கு. அந்த நிறுவனம் வக்கீலாக இருக்கும் கட்சிக்காரர் ஒருவருக்குப் பிடிக்காத வடிகால் ஒப்பந்த மசோதா, துஃப்ரேன் தலைமை தாங்கும் குழுவிலேயே உயிரை விட்டது. ஆனால் தெலோர்ம் வக்கீல்கள் யாரும் கட்சிக்காரருக்காக உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டுகிறவர்கள், அதாவது லாபிக்காரர்கள், என்று அரசிடம் பதிவு செய்துகொள்ளவில்லை. கேட்டால், நாங்கள் சட்ட ஆலோசனைதானே சொல்கிறோம் என்பார்கள். அப்படிப்பட்ட நிறுவனங்களும் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று இந்த வருடம் ஒரு மசோதா வந்தது. அதுவும் துஃப்ரேன் குழுவுக்கே வந்தது. கேமராக்களுக்கு முன்னால், அவர் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று லூஷியஸும் ஓடீலும் முடிவு செய்தார்கள்.

குழு கூடிய அன்று காலை மசோதாவுக்கு ஆதரவு என்று சாட்சி அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடீல் தாழ்வாரத்தில் நின்றாள். கிளோவிஸ் தெலோர்ம் எதிரே வந்தார். நிறுவனத்தின் தலைவர், வெள்ளைத் தலை, கோடுபோட்ட மெல்லிய சூட். யாரிடமும் குரலை உயர்த்தி அவர் பேசியதில்லை.

"காலை வணக்கம், மிஸ் ஓடீல். இன்னைக்கு எங்களை வறுத்தெடுக்கப் போறீங்களாமே?"

"என் வேலைங்க, மிஸ்டர் கிளோவிஸ்."

"செய்யுங்க, செய்யுங்க. நொயெல் நல்லா இருக்காளா? துஃப்ரேன் கொடுத்த சீட்டுலதான் படிக்கறாளாமே. ரொம்ப சந்தோஷம்."

அவ்வளவுதான். தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதை மிரட்டல் என்றே ஓடீல் எடுத்துக்கொண்டாள்.

தெற்கே உள்ள ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு செனட்டரும் வருடத்துக்கு ஒரு பிள்ளையைக் கட்டணமில்லாமல் சேர்த்துவிடலாம். பழைய வழக்கம். போன வருடம் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாதா கோவில் மீன் வறுவலுக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் கிளோவிஸ். மகள் நொயெலுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது, கட்டணத்தை நினைத்தால்தான் தலை சுற்றுகிறது என்று ஓடீல் அவரிடம் சொன்னாள். சும்மா ஒரு பேச்சு. அப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் துஃப்ரேனிடமிருந்து நொயெலுக்குக் கடிதம் வந்தது. ஓடீல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லூஷியஸிடம் மகளுக்கு உதவித்தொகை கிடைத்தது என்றாள். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்காதவரிடம் எதற்கு வலியப் போய்ச் சொல்வது என்று இருந்துவிட்டாள். ஊரார் கணக்கையெல்லாம் துருவுகிறவளுக்கு இது மட்டும் துருவத் தேவையில்லாத விஷயமாகிவிட்டது.

பெயரைக் கூப்பிட்டார்கள். லூஷியஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே உயரத்தில் துஃப்ரேன். அவருக்குக் கீழே முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டபடி கிளோவிஸ்.

'இந்த அம்மாவே என்கிட்ட வந்து கேட்டவங்கதான்' என்று அவர் எழுந்து சொல்வது ஓடீலின் காதில் இப்போதே கேட்டது. நொயெலின் பெயர் சாயங்காலச் செய்தியில் வரும். பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மைக்கை இழுத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். வெளிப்படைத்தன்மை முக்கியம் என்றாள். மக்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றாள். "சில நிறுவனங்கள்" என்றாள், "சில உறுப்பினர்கள்" என்றாள். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில்கூட இதைவிடக் காரமாகப் பேசுவார்கள். லூஷியஸ் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

குழுவில் வடக்குப் பக்கத்து உறுப்பினர் ஒரு அம்மாள் இருந்தார். மசோதாவை ஆதரிக்க ஏதாவது காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தவர் அவர்.

"சில நிறுவனங்கள்னு சொல்றீங்களேம்மா. பேர் ஏதாவது இருக்கா? ஒண்ணே ஒண்ணு சொன்னாக்கூடப் போதும்."

தெலோர்ம் என்ற பெயர் ஓடீலின் உள்ளங்கைக்குக் கீழே, அவளே தட்டச்சு செய்த தாளில் இருந்தது.

"இப்போதைக்கு என்கிட்ட இல்லைங்க," என்றாள்.

லூஷியஸ் மைக் பக்கம் கையை நீட்டினார். அவர் சாட்சி அட்டை கொடுக்கவில்லை என்று துஃப்ரேன் சிரித்த முகமாக மறுத்துவிட்டார். ஓடீல் பேசினால் போதும் என்று லூஷியஸேதான் அட்டை எழுதாமல் விட்டிருந்தார். வாக்கெடுப்பு சீக்கிரம் முடிந்தது. மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் கிளோவிஸ் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போலும்.

"மிஸ் ஓடீல், நெஜமாச் சொல்றேன், எங்களைக் கிழிச்சுத் தொங்க விடுவீங்கன்னு நினைச்சேன். பதில் எழுதி வச்சிருந்தேன், நாலு பக்கம்."

"அதுல நொயெல் இருந்தாளா?" அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"நொயெலா? அவ எதுக்கு அதுல?"

"நீங்கதானே துஃப்ரேன்கிட்ட அவளுக்காகச் சொன்னீங்க. மாதா கோவில்ல நான் உங்ககிட்ட சொன்னதுக்கு அப்புறம்."

கிளோவிஸ் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிப்பு இல்லை. உண்மையாகவே நினைவுக்கு வரவில்லை.

"நான் ஒரு வார்த்தை பேசலையேம்மா. பள்ளிக்கூடத்துல நல்லாப் படிக்கற சில பிள்ளைங்க பேரை எழுதிக் கொடுத்தாங்களாம், அதுல உங்க பொண்ணு முதல்ல இருந்தாளாம். போன வாரம்தான் துஃப்ரேன் பேச்சுவாக்குல சொன்னார். அவளாப் படிச்சு வாங்கினது அது."

பிறகு அவருக்குப் புரிந்தது. மெதுவாகப் புரிந்ததை ஓடீல் அவர் முகத்திலேயே பார்த்தாள். தெருவில் துணி அவிழ்ந்து நின்றதுபோல் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மகள் தன் புத்தியால் வாங்கியதைத் தாய் லஞ்சம் என்று நினைத்திருக்கிறாள். நினைத்ததோடு நிற்காமல் அதற்கு விலையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த விலையை யாரும் அவளிடம் கேட்கவே இல்லை.

கிளோவிஸ் மரியாதை தெரிந்த மனிதர். புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நொயெலுக்கு எது வேணும்னாலும் நேரா என்கிட்ட வாங்க, மிஸ் ஓடீல். படிப்பு முடிச்சதும் வேலைக்கும் பார்த்துக்கலாம். தயங்காதீங்க."

"நன்றிங்க, மிஸ்டர் கிளோவிஸ்," என்றாள் ஓடீல். நாற்பது வருடமாகப் பழகிய மரியாதை, வாயைத் திறந்ததும் தானாக வந்துவிட்டது.

கிளோவிஸ் தலையசைத்துவிட்டு மின்தூக்கிப் பக்கம் போனார். ஓடீல் திரும்பினாள். அவள் மறந்து விட்டுவந்த கைப்பையையும் அந்தத் தாளையும் பிடித்துக்கொண்டு லூஷியஸ் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அவருக்கு எதுக்கும்மா நன்றி?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் எப்படியாவது பதில் சொல்லியிருப்பாள். அவர் விஷயம் தெரியாமல்தான் கேட்டார்.