மூக்குக்குள் ஒரு பட்டாணி

அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். அன்று மாலை மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, பெரியவள் மறுநாள் தேர்வுக்கான அறிவியல் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"எரிமலைக்குழம்பு. மண்ணரிப்பு. விதையுறை. முளைவேர்..."

பள்ளியில் விதையை முளைக்கவைத்துக் காட்டச் சொல்லியிருந்ததால், காய்ந்த பட்டாணிப் பொட்டலம் பாய்மேலேயே கிடந்தது. "மேல எடுத்து வை, சின்னவ வாயில போட்டுக்குவா" என்று அம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

மூன்று வயதுக் குட்டி வாயில் போடவில்லை.

"அக்கா, உள்ள போயிருச்சு" என்று மூக்கைத் தொட்டுச் சிரித்தாள்.

பெரியவளுக்குப் பகீரென்றது. டார்ச் அடித்துப் பார்த்தாள். வலது துவாரத்தில் பச்சையாக ஏதோ பளபளத்தது. தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி மெல்ல நெம்பினாள். குட்டி வீறிட்டாள். பச்சை இன்னும் உள்ளே போய்விட்டது.

"அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா விளையாடுறா."

சொல்லிவிட்டாளே தவிர, கண் புத்தகத்தை விட்டு நகரவில்லை. விதை முளைக்கத் தேவையானவை: ஈரம், காற்று, மிதமான வெப்பம். மூக்குக்குள் இந்த மூன்றில் எதுதான் இல்லை? முளைவேர் கீழ்நோக்கி வளரும் என்று அடுத்த வரி. கீழே என்றால் தொண்டை. தொண்டைக்குக் கீழே நுரையீரல்.

குட்டி இப்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூக்கோரம் ஒரு சொட்டு ரத்தம்.

"அம்மா!"

மெஷின் நின்றது. பெரியவள் சொல்லி முடிப்பதற்குள் அம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டாள். தெருக்கோடி கிளினிக் வரை ஓட்டமும் நடையும்தான். பெரியவளும் பின்னாலேயே ஓடினாள்.

டாக்டரம்மா மூக்குக்குள் பார்த்தார். "எதையாவது விட்டு நோண்டினீங்களா?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அடக்கமாட்டாமல் கேட்டாள்: "டாக்டர், வேர் விட்டிருக்குமா?"

"அதுக்கு நாளாகும்மா. ஆனா ஈரத்துல ஊதும். ஊதினா எடுக்கிறது கஷ்டம். நல்லவேளை, உடனே வந்துட்டீங்க." அம்மாவிடம் திரும்பினார். "நான் பட்டாணி இல்லாத பக்கம் மூக்கை அழுத்திக்கிறேன். நீங்க அவ வாய்ல வாய் வச்சு, ஒரே மூச்சா ஊதுங்க."

அம்மா ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. குட்டி திமிறி அழுதாள். பெரியவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

"இன்னொரு தடவை. பயப்படாதீங்க."

இரண்டாவது ஊதலில் பட்டாணி சளியோடு தெறித்து அம்மாவின் கன்னத்தில் ஒட்டியது. குட்டி அழுகையை நிறுத்திவிட்டு, "எனக்கு குடு!" என்று கை நீட்டினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

திரும்பும்போது அம்மா குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெரியவளுக்கு. நாலடி பின்னாலேயே நடந்தாள்.

சாலையைக் கடக்குமிடத்தில், அம்மா திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள்.

"கையப் புடிச்சுக்கோ. வண்டி வருது."

பெரியவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.