ஆறு எட்டுமா

றொபின்சனின் ட்ரக்கை ஆறு அங்குலம் உயர்த்திக் கொடுத்தவன் கிரி. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தது. வில்லரேயில் ஒரு பின்சந்தில் இருந்தது கராஜ். ட்ரக்கை வெளியே எடுக்கும்போது கூரை கதவுச் சட்டத்தில் உரசப் பார்த்தது.

றொபின்சனின் மனைவி மேனுகா முன்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குள்ள ஏற ஏணி வேணும் அண்ணன். நாற்பது வயசில இந்த மனுசனுக்கு லொறி ஆசை."

"பனிக்குள்ள எல்லாரும் புதையக்குள்ள நீதான் என்னைக் கும்பிடுவாய்," என்றான் றொபின்சன்.

"உன்னையோ? மாதாவைக் கும்பிடவே எனக்கு நேரமில்ல."

கிரி ட்ரக்கின் பின்னால் குந்தினான். ட்ரெயிலரைக் கொழுவும் ஹிச்சைச் செருகுகிற சதுரத் துளையின் மேல்விளிம்பிலிருந்து நிலம்வரை அளந்தான். இருபத்தாறு அங்குலம். ஒரு மட்டைப்பெட்டித் துண்டில் 26 என்று எழுதிச் சுவரில் செருகினான்.

"நாளைக்கு எடுக்கிற ட்ரெயிலரை மட்டமா நிப்பாட்டு. அதின்ரை கொழுவுற வாய் நிலத்தில இருந்து எவ்வளவு எண்டு அள. எனக்குச் சொல்லு," என்றான் றொபின்சனிடம்.

"மறுகா?"

"மறுகா கழிக்கிறது."

பிறகு என்பதற்கான மட்டக்களப்புச் சொல்லை யாழ்ப்பாணத்தான் சொன்னதற்கு இருவரும் சிரித்தார்கள்.

"ஒரு வருசம் பேசுற கதையை அண்ணன் இண்டைக்கே பேசிட்டார்," என்றாள் மேனுகா.

ட்ரக் உயரம். ட்ரெயிலர் தாழ்வு. இடையில் கீழிறங்கும் ஓர் இரும்புக் கை அந்த வித்தியாசத்தைச் சரியாக எடுக்க வேண்டும். இறக்கம் குறைந்தால் ட்ரெயிலர் முகத்தைத் தூக்கும். பாரம் பின்னுக்குப் போகும். வேகம் பிடித்ததும் வாலை ஆட்டத் தொடங்கும். கிரி இதையெல்லாம் சொல்லவில்லை. அளக்கச் சொன்னான், அவ்வளவுதான்.

ட்ரெயிலர் ஷோலியெற் பக்கம் ஒரு வெள்ளைக்காரரிடம் விலைக்கு இருந்தது. உள்ளே அடுப்பு, கொத்துரொட்டித் தட்டு, காஸ் சிலிண்டர்கள். எல்லாமே பின்பக்கம். அடுத்த கிழமை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் தேர். கோயில் வீதியில் மேனுகா மரக்கறிக் கொத்துப் போட இருந்தாள்.

"வேதக்காரியின்ர கொத்தை முருகன் தின்னுவாரா?" என்று றொபின்சன் கேட்டான்.

"முட்டை போடாட்டி தின்னுவார்."

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குக் கிரியின் போன் அடித்தது. கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. கையெல்லாம் கிறீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகினான்.

"கிரியண்ணன், ஹிச் வாங்கக் கடையில நிக்கிறன். ட்ரெயிலர் பதினெட்டு. ட்ரக்கை உயத்தினது ஆறு. அப்ப ஆறு எட்டுமா?"

உயர்த்தியதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நிலத்திலிருந்து எடுக்க வேண்டும். இருபத்தாறில் பதினெட்டுப் போனால் எட்டு.

"எட்டு," என்றான் கிரி.

"சரி அண்ணன்."

போன் நின்றது. கிரி ஒரு காரின் சில்லைக் கழற்றினான்.

நண்பகலுக்குச் சற்று முன் நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. றொபின்சன் பிறேக்கை மிதித்தான். ட்ரெயிலர் ட்ரக்கைப் பக்கவாட்டில் இழுத்தது. உயர்த்திய ட்ரக் மேனுகாவின் பக்கமாகச் சரிந்து, அப்படியே தேய்ந்துகொண்டு போனது.

மூன்று மணிக்கு அக்னெஸ் போன் எடுத்தாள். மேனுகாவின் அக்கா. தங்கச்சி செத்துப்போனாள் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை கிரி, பொலிஸ் ட்ரக்கை இழுத்துவந்து வைத்திருந்த வளவுக்குப் போனான். கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தான். ட்ரக்கின் பின்னால் ஹிச் அப்படியே இருந்தது. அளக்கத் தேவையில்லை. கண்ணுக்கே தெரிந்தது. ஆறு.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். எட்டு. எட்டும். பேச்சில் கடைசி 'ம்' உதட்டுக்கு வராது. மூக்கோடு நின்றுவிடும். கொம்பிரசர் சத்தத்தில் அதுவும் தேவையில்லை. ஆறு எட்டுமா என்று கேட்டவனுக்கு, எட்டும் என்றுதான் கேட்டிருக்கும்.

இன்னும் இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். 'எட்டு அங்குலம் எடு.' அவன் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை றொபின்சனைப் பார்க்கக் கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரிக்குப் போனான். அக்னெஸ் அங்கேதான் துப்புரவு வேலை செய்தாள். வேலை உடுப்போடு கட்டிலருகே நின்றாள். றொபின்சனின் இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு அவனைச் சில்லுநாற்காலியில் கொண்டுபோக டொக்டர் சம்மதித்திருந்தார்.

கிரி கதவடியில் நின்றான்.

"வாங்க," என்றான் றொபின்சன். குரல் தேய்ந்திருந்தது. "அண்ணன், ஒண்டு கேக்கணும்."

"கேள்."

"கொழுவினதும் மேனுகா இறங்கிப் பாத்தவள். ட்ரெயிலர் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது, என்னமோ சரியில்ல எண்டாள். நான் ஏசினன். கிரியண்ணனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், எட்டும் எண்டு சொல்லிட்டார், ஏறு எண்டன்."

அக்னெஸ் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தாள்.

"ஏறிட்டாள்," என்றான் றொபின்சன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் பிரெஞ்சு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராவும் பகலும் அதுதான் ஓடுது. நீங்க எட்டும் எண்டா சொன்னீங்க? இல்ல, எட்டு எண்டா சொன்னீங்க? எட்டு எண்டு சொல்லி, நான் மாறிக் கேட்டிருந்தா..."

கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

கிரி அந்த விரல்களைப் பார்த்தான்.

"எட்டும் எண்டுதான் சொன்னனான்," என்றான்.

"வடிவா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஆறு எட்டும் எண்டனான்."

றொபின்சனின் கை கம்பியை விட்டது. கண்ணை மூடினான். நெஞ்சு இரண்டு தரம் பெரிதாக ஏறி இறங்கியது. பிறகு கண்ணைத் திறந்து கிரியைப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கிரி அதற்கு முன் அவனிடம் கண்டதில்லை.

"நம்பித்தானே கேட்டன்."

"ஓம்."

"வெளியில போங்க."

கிரி வெளியே வந்தான். கதவருகே வாங்கில் ஒரு பொலிஸ்காரி கோப்போடு உட்கார்ந்திருந்தாள். றொபின்சனிடம் கேட்க வந்தவள். கிரியின் பெயரைக் கேட்டதும், உங்களிடமும் கேட்க இருந்தேன் என்றாள். அக்னெஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவர்களுக்குப் பின்னால் நின்றாள். இருபது வருடமாக இங்கே வேலை. அவளுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும்.

போனில் என்ன சொன்னீர்கள் என்று பொலிஸ்காரி கேட்டாள்.

பிரெஞ்சில் எட்டு என்பது ஒரு சொல். போதும் என்பது இன்னொரு சொல். இரண்டையும் எவரும் மாறிக் கேட்க முடியாது.

ஆறு போதும் என்று சொன்னேன் என்றான் கிரி.

"ட்ரக்கின் உயரம் தெரியுமா?"

"இருபத்தாறு."

"ட்ரெயிலர்?"

"பதினெட்டு."

"வித்தியாசம்?"

"எட்டு."

"பிறகு ஏன் ஆறு போதும் என்றீர்கள்?"

அவள் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் றொபின்சன் இருமுவது கேட்டது.

"கழித்ததில் பிழை விட்டுவிட்டேன்," என்றான்.

"எத்தனை வருடமாக இந்த வேலை?"

"இருபத்திரண்டு."

அவள் அதையும் எழுதினாள். கோப்பு மேலே போகும், வழக்கு வரலாம், கராஜ் அனுமதியைப் பற்றி வேறு ஆட்கள் பேசுவார்கள் என்றாள். வாசித்துக் காட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

அவள் அறைக்குள் போனதும் அக்னெஸ் கிட்ட வந்தாள்.

"இருபத்தாறில பதினெட்டு. சின்னப்பிள்ளைக் கணக்கு."

கிரி போகத் திரும்பினான்.

"தங்கச்சி எப்பவும் சொல்லுவாள். கிரியண்ணன் ஒரு சொல்லுத்தான் பேசுவார், ஆனா சரியாப் பேசுவாரெண்டு."

அவன் நிலத்தைப் பார்த்தான். அவள் துடைத்த நிலம். இன்னும் ஈரம் காயவில்லை.

"அடக்கத்துக்கு வராதீங்க," என்றாள் அக்னெஸ். "பெட்டியில கை வச்சிராதீங்க."

"வரமாட்டன்."

வெள்ளிக்கிழமை காலை பூசை பத்து மணிக்கு. பத்து மணிக்குக் கிரி கராஜில் இருந்தான். கொம்பிரசரைப் போடவில்லை. மட்டைப்பெட்டித் துண்டு சுவரில் இருந்தது. 26. எடுக்கப் போனவன் எடுக்காமல் விட்டான்.

போன் அடித்தது. நகுலேஸ்வரன், பழைய வாடிக்கையாளர். சில்லு மாற்ற வேண்டும்.

"நாளைக்கு எத்தினை மணிக்குக் கொண்டுவர அண்ணை?"

எட்டு மணிக்குத்தான் இடம் இருந்தது.

"ஒன்பது," என்றான் கிரி.

"சரி அண்ணை, வைக்கிறன்."

"வையாதேங்கோ. என்ன சொன்னனான்?"

"என்ன?"

"நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "ஒன்பது மணி எண்டனீங்கள். என்ன அண்ணை, காது கேக்கேல்லையோ?"

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றான் கிரி.