ஐந்தாவது பாட்டில்

அறைகளுக்கு வாசனை தெளிக்கும் ஸ்பிரே செய்கிற ஆலையில் அவனுக்கு மூக்கன் என்று பெயர். நாற்றத்தைப் போக்கும் சரக்கைச் சோதிக்க முதலில் நாற்றம் வேண்டும். அதை மோந்து, பெயர் சொல்லி, பத்துக்கு மதிப்பெண் போடுவது அவன் வேலை. ஆறு மாதமாகத் தற்காலிகம். இன்று தேர்வு, தேறினால் நிரந்தரம், தவறினால் வீடு.

மோப்பத்தில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் பாரத்தை ஆங்கிலத்தில் நிரப்பவேண்டும். அங்கேதான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

காலையில் நர்ஸ் உடுப்பை மாட்டிக்கொண்டே மனைவி கேள்வி கேட்டாள்.

"மஸ்டின்னா?"

"பழைய அலமாரி. மக்குன வாடை."

"ரான்சிட்?"

"எண்ணெய்ச் சிக்கு. உங்கண்ணன் தலகாணி."

"எங்கண்ணனை இழுக்கலன்னா உங்களுக்குப் பொழுதே விடியாதே! ப்யூட்ரிட்?"

"செத்த எலி."

"அப்பாடா, அதுக்கு எங்க வீட்ல ஆள் கிடைக்கல போல."

"சரி, கவிச்சிக்கு என்ன? ஆட்டு மொச்சைக்கு என்ன?"

"கவிச்சிக்கு ஃபிஷி. மொச்சைக்கு... ஃபவுல்னு போடுங்க. ஆஸ்பத்திரில நாங்க எல்லாத்துக்கும் அதான் போடுவோம்."

அவன் குடையை எடுத்துக்கொண்டான். பிறந்தது முதல் தெரிந்ததெல்லாம் ஒரு காகிதத்தின் முன்னால் தெரியாததாகிவிடுகிறதே என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே அடைமழை. சோதனை அறையில் மேலாளர் எதிரே அமர்ந்திருந்தார். மேஜையில் ஐந்து பாட்டில்கள். முதல் நான்கும் காலையில் மனைவி கேட்ட கேள்விகளே போல வந்தன. மளமளவென்று எழுதினான்.

ஐந்தாவதைத் திறந்தான். நாற்றம் ஆளைத் தூக்கியது. மூடினான். அப்போதும் தூக்கியது. அவன் மூக்கு மெல்லக் கீழே இறங்கி மேஜைக்கடியில் போய் நின்றது. மழையில் நனைந்த சாக்ஸுடன் மேலாளர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்.

பொய் எழுதினால் மூக்குக்குத் துரோகம். மெய் எழுதினால் வேலைக்கு உலை. கடைசியில் எழுதிக் கொடுத்தான்.

மேலாளர் உரக்கப் படித்தார். "அஞ்சாவது பாட்டில், வெறும் தண்ணி. நாத்தம் மேஜைக்கடியில. மஸ்டி, கொஞ்சம் ரான்சிட், மொத்தத்துல ஃபவுல்." கண்ணாடியைக் கழற்றினார். "மதிப்பெண் எட்டா?"

"இடது காலுக்கு எட்டு சார். வலது காலுக்கு ஏழுதான்."

மேலாளர் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"தண்ணின்னு வேற எவனுமே கண்டுபிடிக்கலய்யா. ஆளாளுக்குச் சாக்கடைன்னு எழுதிட்டுப் போயிட்டானுங்க." அவர் அந்தப் பாரத்தை நாலாய்க் கிழித்தார். "நாளையிலேர்ந்து நீ பெர்மனென்ட். இந்தா புது பாரம். தண்ணியோட நிறுத்திக்க, கீழ குனியாத."

மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தான் மூக்கன்.