ஆடாமல் வாங்கிய கோப்பை

எண்பது ஆட்டக்காரர்கள், நாற்பது சதுரங்கப் பலகைகள், நாற்பது ஆட்டக் கடிகாரங்கள். இத்தனையும் இருந்த ஹாலில், ஓடாத ஒரே கடிகாரத்தை நம்பித்தான் நடுவரம்மா நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடிகாரம் கணினித் திரையின் அடிப்பட்டையில், வலது மூலையில் இருந்தது. திரையில் தெரிவது புரொஜெக்டர் வழியாகச் சுவரிலும் பெரிதாக விழுந்துகொண்டிருந்தது. மணி 3:12. கடைசிச் சுற்று 3:45க்கு. யார் வந்து "எப்பங்க ஆரம்பம்?" என்று கேட்டாலும் அவள் சுவரைக் காட்டினாள். வந்தவர்களும் பார்த்துவிட்டு, இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதே என்று வாசலுக்குப் போய் அரட்டையைத் தொடர்ந்தார்கள். ஒருவருக்காவது கைபேசியை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்காதீர்கள். எண்பது கைபேசிகளையும் காலையிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டியாகிவிட்டது. போட்டி விதி அப்படி.

வார நாட்களில் அவள் நூலகர், ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர். தலைமை நடுவராக இதுதான் முதல் போட்டி. பழைய நடுவர் மகளைப் பார்க்கக் கிளம்பும் அவசரத்தில் கிளப்பின் லினக்ஸ் கணினியை இவள் தலையில் கட்டிவிட்டு, கூடவே பதினோரு படிகள் எழுதிய ஒரு தாளையும் கொடுத்திருந்தார். முத்து முத்தான கையெழுத்து. ஆனால் பதினோரு படிகளும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தன: 'அடிப்பட்டையில் இருக்கும் இன்ன படத்தை அழுத்தவும்.' மனிதர் இப்போது விமானத்தில் இருந்தார்.

கணக்கு டீச்சர் கோலைத் தட்டிக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது, ஆனால் வாய்க்கு அந்தக் குறையெல்லாம் இல்லை. நாலு சுற்றில் நாலையும் ஜெயித்து முதலிடத்தில் இருந்தார். அரைப் புள்ளி பின்னால் பல் டாக்டர் நின்றார்.

"நடுவரம்மா, தூங்கிட்டீங்களா? எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

"இன்னும் நேரம் இருக்கு டீச்சர். மணி மூணு பன்னெண்டுதான் ஆகுது."

டீச்சர் கையைத் தூக்கினார். மணிக்கட்டில் இருந்த பேசும் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினார். அது தெளிவாகச் சொன்னது: "நாலு மணி, மூணு நிமிஷம்."

நடுவரம்மா டீயைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்தாள். 3:12. டீச்சரின் கையைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். அப்போதும் 3:12 தான்.

மவுஸைப் பிடித்தாள். அம்பு நன்றாகவே ஓடியது. ஆனால் அடிப்பட்டையில் எந்தப் படத்தைத் தட்டினாலும், சுவரைத் தட்டியது போலத்தான். மெனு திறக்கவில்லை. நெட்வொர்க் படம் அசையவில்லை. யார் யாரோடு ஆடுவது என்று ஜோடி போடும் மென்பொருளை அவள் டீக்குப் போகும்போது சுருக்கி அந்தப் பட்டைக்குள்தான் அனுப்பியிருந்தாள். நாலாவது சுற்றின் நாற்பது முடிவுகளும் அதற்குள் இருந்தன. சேமித்தாளா என்று யோசித்தாள். சேமிக்கவில்லை. தாளில் ஏழாவது படி அது.

செயலாளர் அரக்கப் பரக்க ஓடிவந்தார். அவளுக்குச் சொந்தச் சித்தப்பா. "என்னம்மா ஆச்சு? ஆறேகாலுக்கு ஹாலை விடணும். நாலரைக்குள்ள சுற்று ஆரம்பிக்கலைன்னா நாலு சுற்றோட முடிச்சிடணும்னு விதியிலேயே போட்டிருக்கு."

"தெரியும் சித்தப்பா."

"அப்ப என்ன யோசனை? பவர் பட்டனை அமுக்கிப் பிடி. அணைஞ்சு வரட்டும்."

"நாலாவது சுற்று மொத்தமும் போயிடும். திரும்ப ஏத்தி, சரிபார்க்க முக்கால் மணி நேரம் ஆகும்."

"அப்ப விட்டுடு. நாலு சுற்றுக்கு யாரு மேல இருக்காங்க? நம்ம டீச்சர்தானே? கோப்பையை அவங்க கையில கொடுத்து அனுப்பு. யாரு கேட்கப் போறா?"

"நான் கேட்பேன்," என்றார் டீச்சர்.

அவர் ஏன் கேட்டார் என்பதற்குப் போன வருஷக் கதையைச் சொல்ல வேண்டும். போன வருஷம் கடைசிச் சுற்றுக்கு முன்னால் பேய் மழை கொட்டி, கூரை ஒழுகி, பாதிப் பலகைகள் நனைந்து, ஆட்டம் நாலு சுற்றோடு நின்றுபோனது. அப்போது டீச்சரைவிட அரைப் புள்ளி முன்னால் இருந்தவர் பல் டாக்டர். கோப்பை அவருக்குப் போனது. அன்றிலிருந்து டீச்சர் அவரை விடவில்லை. எங்கே பார்த்தாலும், "வாங்க டாக்டர், ஆடாம வாங்கின கோப்பை நல்லா இருக்கா?" பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, வாயில் பஞ்சை வைக்கும் வரை அதையேதான் கேட்டாராம். இப்போது அதே மாதிரி ஒரு கோப்பை டீச்சர் மடியிலேயே வந்து விழப் பார்த்தது. ஒரு வருஷம் கொடுத்ததெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வருமே! அதைவிட டீச்சர் சாகத் தயாராக இருந்தார், கோப்பை வாங்கத் தயாராக இல்லை.

"அந்த ஆளை எதிர்ல உட்கார வெச்சு ஆடினாத்தான் எனக்குச் சோறு இறங்கும். அம்மா, நான் சொல்றதைச் செய்வீங்களா?"

"நீங்களே தட்டிடுங்களேன் டீச்சர்," என்று நடுவரம்மா விசைப்பலகையை நகர்த்தினாள்.

டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "முதலிடத்துல இருக்கறவ ஜோடி போடுற கணினியைத் தொடுறதா? நாளைக்கு ஊரே பேசும். நீங்கதான் என் கை. திரையில என்ன தெரியுதுன்னு நீங்க சொல்லுங்க. எதை அழுத்தணும்னு நான் சொல்றேன். வீட்டுல எனக்கும் இதே லினக்ஸ்தான். ஆனா பட்டைன்னு ஒண்ணு இருக்கறதையே நான் கண்டதில்லை. திரையைக் கணினியே வாசிச்சுச் சொல்லும், எனக்கு எல்லாமே விசைதான்."

பல் டாக்டரும் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். நிலைமையைக் கேட்டதும் அவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எட்டிப் பார்த்த மற்றவர்களும் ஏதோ சொல்லிவைத்தது போல அப்படியே நின்றார்கள். சுவரில் திரை பெரிதாகத் தெரிந்தது.

"முதல்ல, செத்தது முழு ஆளா, ஒரு கை மட்டுமான்னு பார்ப்போம். ஆல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு டேப்பை ஒரு தட்டு தட்டுங்க."

நடுவரம்மா தட்டினாள். திரை நடுவில் சின்னச் சின்னப் பெட்டிகள் தோன்றின. விரலை எடுத்ததும் ஜோடி போடும் மென்பொருள் முழுசாக வந்து நின்றது. நாற்பது முடிவுகள், ஒன்றுகூடக் குறையாமல். அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தியே விட்டாள்.

"கத்தறது அப்புறம். கன்ட்ரோல், எஸ். சேமிங்க."

சேமித்தாள். ஹாலில் யாரோ கைதட்டினார்கள். டீச்சர் திரும்பி, "பார்வையாளர்கள் அமைதி!" என்று அதட்டினார்.

அடுத்த சுற்றுக்கு ஜோடி போட்டாள். முதல் பலகை: கணக்கு டீச்சர், பல் டாக்டர். அச்சடிக்கக் கொடுத்ததும் பிரின்டர் வாயைத் திறக்கவில்லை. அது வைஃபையில் இயங்கும் பிரின்டர். வைஃபை எப்போதோ அறுந்திருந்தது. மறுபடி இணைக்க வேண்டிய படம், வேறெங்கே, அதே பட்டையில்தான் இருந்தது. மணி நாலு பதினொன்று.

"சரி, பட்டையையே எழுப்பணும். கன்ட்ரோல், ஆல்ட், டி, மூணையும் சேர்த்து. என்ன வந்துச்சு?"

"கறுப்பா ஒரு பெட்டி டீச்சர். ஒரு கட்டம் மட்டும் கண் சிமிட்டுது."

"அதுதான் டெர்மினல், கட்டளை எழுதுற இடம். இனிமே சொல்றதை எழுத்து பிசகாம அடிங்க. எக்ஸ், எஃப், சி, இ, நாலு, ஒரு கோடு, பேனல். இடைவெளி. கோடு, ஆர். இது பட்டையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்றது."

கூட்டத்தில் எல்லோரும் சுவரில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்கள். என்டரைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. 3:12 அசையவே இல்லை. கறுப்புப் பெட்டியும் பதில் சொல்லவில்லை.

"கும்பிட்டுக் கேட்டா எழுந்திரிக்க மாட்டேங்குது," என்றார் டீச்சர். "கன்ட்ரோல், சி போட்டு வெளிய வாங்க. இப்ப பி, கில். சேர்த்து. இடைவெளி, கோடு, ஒன்பது, இடைவெளி, மறுபடி அதே பேரு."

"கில்லுன்னா கொல்றதா?" செயலாளர் அலறினார். "அம்மாடி, ஆழம் தெரியாம காலை விடாதே. கிளப்போட கணினிம்மா!"

"செத்த பல்லைத்தானே சார் பிடுங்கறோம்," என்றார் பல் டாக்டர். "வலிக்காது."

டீச்சர் மட்டும் ஒரு கணம் தலையைச் சாய்த்து யோசித்தார். "பொறுங்க. கொன்னா அது தானாவே எழுந்துக்கும். ஆனா எழுந்த உடனே மறுபடி எதனாலயோ விறைச்சுப் போச்சுன்னா? காரணம் தெரியணும். இன்னைக்குக் காலையில அந்தப் பட்டையில யாராவது புதுசா எதையாவது வெச்சீங்களா?"

நடுவரம்மா மெதுவாகத் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"அது... போன வருஷம் மழையில மானம் போச்சில்ல? அதான் மழை வருமான்னு தெரிஞ்சுக்க, குட்டியா ஒரு வானிலைப் படம்..."

"வைஃபை அறுந்ததும் அந்த வானிலை பதிலுக்குக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. தான் கெட்டதுமில்லாம மொத்தப் பட்டையையும் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கு," என்றார் டீச்சர். "மழைக்குப் பயந்து வெச்சதே மழையை விட மோசமா வேலையைக் காட்டியிருக்கு." பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். செயலாளர் யாரென்று தேடவில்லை.

"நடுவரம்மா, கொல்லுங்க. பட்டை எழுந்ததும் ஒரு நொடிகூட வீணாக்காம அந்த வானிலை மேல வலது பட்டன், நீக்கு. அது மறுபடி யோசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள."

என்டர்.

பட்டை மறைந்தது. திரையின் அடியில் வெறும் நீலம். ஹாலில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று...

இடது மூலையில் மெனு முளைத்தது. அடுத்து ஒவ்வொரு படமாக வரிசையில் வந்து உட்கார்ந்தது. கடைசியில் கடிகாரம்: 4:19. பக்கத்திலேயே ஒரு குட்டி மேகம். அவள் அதன் மேல் பாய்ந்தாள். வலது பட்டன், நீக்கு, நிச்சயமாகவா என்று கேட்டது, நிச்சயமாகத்தான். மேகம் கலைந்தது. கடிகாரம் 4:20 ஆனது.

ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்து ஒரு ஹால் முழுக்க ஆரவாரம் செய்ததை அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் சித்தப்பாவைக் கட்டிப்பிடித்தாள். திட்ட வேண்டியதெல்லாம் மறந்துபோனது. வைஃபை இணைந்தது, பிரின்டர் முனகிக்கொண்டு தாள்களைத் தள்ளியது, ஓடினார்கள், ஒட்டினார்கள், உட்கார்ந்தார்கள். நாலு இருபத்தேழுக்கு அவள் மைக்கில், "கடிகாரத்தை ஆரம்பிக்கலாம்" என்றாள். குரல் நடுங்கியது. அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் மேசையில் மட்டும் ஆளுக்கொன்றாக இரண்டு பலகைகள். டீச்சருக்கு முன்னால் இருந்ததில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை. காய்கள் அதில் ஊன்றி நின்றன, விரலால் தடவிப் பார்த்தாலும் விழாது. இருவரும் நகர்த்துவதை வாயால் சொல்லிச் சொல்லி ஆடினார்கள். டிரா ஆனாலே டீச்சருக்குக் கோப்பை. அதனால் ஜெயித்தே தீர வேண்டிய டாக்டர் ராஜா பக்கத்துச் சிப்பாய்களை எல்லாம் முன்னால் ஓட்டி மூர்க்கமாகப் பாய்ந்தார். ஒரு மணி நேரம் கழிந்து மற்றப் பலகைகள் முடிந்ததும், எல்லோரும் அங்கேயே வந்து மொய்த்தார்கள்.

டீச்சரின் குதிரைக்கு ஒரு வழி இருந்தது. வந்து போய், வந்து போய், அதே நிலையை மூன்று முறை வரவைத்தால் டிரா, கோப்பை கையில். இரண்டு முறை வந்தாயிற்று. நடுவரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சரின் விரல்கள் குதிரையைத் தடவின, அதை விட்டன, நகர்ந்து யானையில் நின்றன.

"யானை, இ எட்டு," என்றார். "அரைக் கோப்பை வேண்டாம்."

டாக்டர் பலகையை வெகுநேரம் பார்த்தார். ஐந்து நிமிஷம் கழித்துத் தன் ராஜாவைப் படுக்கவைத்துவிட்டு, எழுந்து நின்று கை கொடுத்தார். டீச்சருக்கு வாயெல்லாம் பல். நடுவரம்மாவுக்குக் கண் கலங்கியது.

ஆறு பதினைந்துக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். டீச்சர் கோப்பையை மார்போடு அணைத்தபடி படியில் நின்றிருந்தார். டாக்டர் கார் டிக்கியைத் திறந்து எதையோ எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். அதுவும் ஒரு கோப்பைதான். தூசி படிந்திருந்தது.

"போன வருஷத்தது. ஒரு வருஷமா டிக்கியிலயே கிடந்துச்சு. வீட்டுக்குள்ள கொண்டுபோக மனசு வரலை. நீங்க சொன்னதுல தப்பில்லை டீச்சர். இதையும் எடுத்துக்குங்க."

டீச்சர் அந்தக் கோப்பையின் விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றிவந்தார். அவர் முகத்தில் இருந்த கேலி எங்கேயோ போயிருந்தது.

"ஆடாம வாங்கின கோப்பை எனக்கு மட்டும் எதுக்கு டாக்டர்?" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்து, பையிலிருந்து துளைப் பலகையை எடுத்து மடியில் விரித்தார். இரண்டு கோப்பைகளில் தூசி படிந்ததை மட்டும் படியில் நடுவே வைத்தார். "போன வருஷம் கடைசிச் சுற்று பாக்கி இருக்கு. உட்காருங்க. வெள்ளை உங்களுது."

டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

நடுவரம்மா கையோடு கொண்டுவந்த கடிகாரப் பெட்டியைத் திறந்து, ஒரு ஆட்டக் கடிகாரத்தை வெளியே எடுத்தாள். ஓடுகிறதா என்று காதருகே வைத்து ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.